பிஸ்கட் டின்னும் இருபத்தாறு படியும்

கட்டிலில் கிடக்கும் நோயாளிகளைப் பற்றிச் சந்திரமதிக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று அவள் குடியிருந்த காஜா பெராங்கில் சொல்வார்கள். அதை முதலில் சொல்லிப் பரப்பியவளே சந்திரமதிதான்.

மலாக்காவில் குன்றுமேல் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில், மாடிப் பெண்கள் வார்டில் அவள் ஒன்பது வருஷமாக ஆயா. ஜப்பான்காரன் போன மறுவருஷம் வேலைக்குச் சேர்ந்தவள். விடிந்ததும் கீழே சமையல்கட்டில் வெந்நீர் வாளியை வாங்கிக்கொண்டு இருபத்தாறு படி ஏறுவாள். வார்டு முழுக்க உடம்பு துடைத்து, முதுகில் புண் வராமல் ஒவ்வொருத்தரையாகப் புரட்டி, விரிப்பு மாற்றி, தலை வாரிவிட்டு நிமிரும்போது மணி பத்தாகிவிடும். யாரையும் ஒரு துரும்பைக்கூட எடுக்க விடமாட்டாள். "அசையாம படு, நான் எதுக்கு இருக்கேன்?" என்பது அவளுடைய வாய்ப்பாடு. நோயாளிகள் அவளைத் தெய்வம் என்றார்கள். அவளும் பெரிதாக மறுக்கவில்லை.

1955 நவம்பர் பதினாறாம் தேதி சாயங்காலம், வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காஜா பெராங் சாலையில் தண்ணீர் எது, ரோடு எது, லோங்காங் சாக்கடை எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளம். முன் சக்கரம் ஓரத்துச் சாக்கடைக்குள் இறங்கியது. சிமெண்டு விளிம்பில் வலது தொடை மோதிய சத்தம் மழையையும் மீறிக் கேட்டதாம். "காய்ஞ்ச தென்னை மட்டை முறியுற மாதிரி" என்று பிற்காலத்தில் அந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவாள்.

கண் விழித்தபோது அவளுடைய வார்டிலேயே கிடந்தாள். சன்னலோரம் நாலாம் நம்பர் கட்டில். அந்த விரிப்பை அன்று காலையில் மாற்றிப்போட்டதே அவள்தான்.

முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு கம்பியைக் குத்தி, கம்பியில் கயிறு கட்டி, கயிற்றைக் கட்டிலின் கால்மாட்டுக் கப்பியில் ஓட்டி, முனையில் இரும்பு எடையைத் தொங்கவிட்டிருந்தார்கள். தொடைச்சதைக்குச் சுருங்கும் குணம் உண்டு. விட்டால் முறிந்த எலும்பின் இரு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிடும், கால் குட்டையாகிப்போகும். அதனால் எடை இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"பன்னெண்டு வாரம்" என்றார் டாக்டர் சேதுராமன். கண்டிப்பானவர், ஆனால் நோயாளியின் கண்ணைப் பார்த்துப் பேசுபவர்.

வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர், மலாக்காவின் போர்த்துகீசியர் வம்சத்துப் பெண்மணி. மலாயில்தான் பேசுவார். அவர் கட்டிலருகே வந்து நின்று விதியைச் சொன்னார். நிரந்தரமில்லாத ஆயாவுக்கு ஐந்து மாதம்தான் தவணை. ஏப்ரல் பதினாறாம் தேதி காலை, நிறைந்த வெந்நீர் வாளியோடு இருபத்தாறு படியும் ஏறிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேலைப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். சொல்லும்போது சிஸ்டருக்கே குரல் இறங்கிவிட்டது.

"ஏறிருவேன் சிஸ்டர்" என்றாள் சந்திரமதி.

சொல்லிவிட்டாளே தவிர, அன்று முழுக்க அவள் நினைப்பெல்லாம் தெங்கேராவுக்குப் போய்விட்டது. தெங்கேராவில் ஒரு சாரதாம்பாள் இருந்தார். போன வருஷம் இதேபோலத் தொடை முறிந்து, இதே வார்டில் நாலு மாதம் கிடந்தவர். அவரைப்போல அடக்கமான நோயாளியைச் சந்திரமதி கண்டதே இல்லை. கோயில் சிலை மாதிரி அசையாமல் கிடப்பார். தண்ணீர் புகட்டியது சந்திரமதி, தலை வாரியது சந்திரமதி, மூக்கு அரித்தால் சொறிந்துவிட்டதுகூடச் சந்திரமதிதான்! எலும்பு அழகாகக் கூடியது. ஆனால் எழுப்பி நிறுத்தியபோது இரண்டு காலும் துவைத்த துணிபோலத் துவண்டுவிட்டன. உடையாத காலுமல்லவா சேர்ந்து போயிருந்தது! நாற்காலியில் வைத்துத்தான் வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள். போகும்போது அந்த அம்மாள் சந்திரமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மககூட இப்படிப் பார்த்திருக்கமாட்டா" என்று அழுதார். அன்றைக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

மறுநாள் டாக்டர் சுற்றுக்கு வந்தபோது சந்திரமதி மறித்தாள்.

"டாக்டர் ஐயா, எலும்பை நீங்க பாத்துக்குங்க. சதையை யாரு பாத்துக்குவா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பதினோரு வருஷத்துல இந்தக் கேள்வியை ஒரு நோயாளியும் என்கிட்ட கேட்டதில்லம்மா."

"நான் நோயாளி இல்ல ஐயா. ஆயா."

"சரி ஆயா, கேட்டுக்க. எலும்பு படுத்திருந்தா தன்னால ஒட்டும். சதை படுத்திருந்தா தன்னால கரையும். மூணு வாரம் போதும், பாதி போயிரும். இதயமும் சதைதான், அதுவும் சோம்பேறியாயிரும்." அங்கேயே நின்று சொல்லிக்கொடுத்தார். தலைக்கு மேலே சங்கிலியில் தொங்கும் பிடியைப் பற்றி இடுப்பைத் தூக்க வேண்டும். நல்ல காலை மடக்கி நீட்ட வேண்டும். இரண்டு பாதத்தையும் மேலும் கீழும் ஆட்ட வேண்டும். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து மெல்ல விட வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கடினம். முறிந்த காலின் தொடையை, முட்டியை மெத்தைக்குள் அமுக்குவதுபோல இறுக்கிப் பிடித்துப் பத்து எண்ணி விட வேண்டும். "எலும்பு நகராது. ஆனா சதைக்கு வேலை கெடைக்கும். ஒரு நாளைக்கு அஞ்சு வேளை."

அஞ்சு வேளை என்றதும் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

பக்கத்துக் கட்டில் ஜமீலாவுடையது. டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த காதர் மைதீனின் மருமகள், இருபத்திரண்டு வயது. மூட்டுக்காய்ச்சல் வந்து இதயத்தைத் தொட்டுவிட்டதால் எழுந்து உட்காரவும் கூடாது என்று உத்தரவு. வாய்க்கு மட்டும் யாரும் உத்தரவு போடவில்லை.

"அக்கா, ஒங்களுக்கும் அஞ்சு வேளை கடமையாயிருச்சா?"

"நீ சிரிடி. ஒனக்குப் பாங்கு கேட்டா ஞாபகம் வரும். எனக்கு யாரு கூப்பிடுவா?"

"அதே பாங்கு ஒங்களுக்கும் கேக்கும்ல. காது என்ன வாடகைக்கா குடுத்திருக்கீங்க?"

அப்படித்தான் ஆரம்பித்தது. சன்னல் வழியாகப் பள்ளிவாசலின் பாங்கு ஓசை வரும். ஜமீலா படுத்தபடியே கண்ணாலும் தலையசைப்பாலும் தொழுவாள். அவள் முடிக்கும்வரை சந்திரமதி சத்தம் காட்டாமல் பாதத்தை மட்டும் ஆட்டுவாள். பிறகு ஜமீலாவே எண்ணிக்கை சொல்வாள், "ஒண்ணு... ரெண்டு... அக்கா, ஏமாத்தாதீங்க, அது அரைதான்!" சோயா சாஸ் தீர்ந்த காலி கிச்சாப் போத்தல் இரண்டில் தண்ணீர் நிரப்பி, கைக்கு ஒன்றாகத் தூக்கி இறக்குவாள் சந்திரமதி. வாளி தூக்கும் கையல்லவா, அது மறந்துவிடக் கூடாது!

தொடையை இறுக்கும்போதெல்லாம் எடை ஒரு நூலளவு ஏறி இறங்கும். எண்ணெய் காணாத கப்பி 'கிறீச்' என்று கத்தும். வார்டு முழுக்கக் கேட்கும். ஜமீலா அதற்குக் கிளி என்று பெயர் வைத்தாள். "கிளி கத்துச்சுன்னா மணி பார்க்க வேண்டியதில்ல" என்று மற்றக் கட்டில்காரர்களும் சொல்லத் தொடங்கினார்கள்.

தினமும் சாயங்காலம் பார்வை நேரத்தில் புருஷன் ஜெயபாலன் வருவான். பஸ் டிரைவர். ஆறடி ஆள், ஊசியைக் கண்டால் மயங்கிவிழும் மனசு. காக்கிச் சட்டையோடு வந்து கால்மாட்டில் நின்று, தொங்கும் எடையையும் கயிறையும் பெண்டாட்டியின் காலில் குத்தியிருக்கும் கம்பியையும் பார்ப்பான். பிறகு ரோசாப்பூ படம் போட்ட முறுக்கு டின்னைத் திறந்து நீட்டுவான்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலை, சந்திரமதி விழித்தபோது காலில் வலியே இல்லை. இத்தனை நாள் இடுப்புவரை பிடுங்கிக்கொண்டிருந்த வேதனை, யாரோ கையால் எடுத்துப்போட்டதுபோல மறைந்திருந்தது.

"பாத்தியாடி ஜமீலா! கசரத்து வேலை செய்யுது!" என்று கூவினாள். எதிர்க்கட்டில் அம்மாளிடம், துடைக்க வந்த புது ஆயாவிடம், ஊசி போட வந்த மிஸ்ஸியிடம், எல்லோரிடமும் சொன்னாள். "டாக்டர் பன்னெண்டு வாரம்னாரு. நான் பத்துல எழுந்திரிச்சிருவேன்." அன்று பகல் பாங்குக்குப் பத்து எண்ணுவதை இருபதாக்கினாள்.

மறுநாளும் வலியில்லை. அன்று பகல் தொழுது முடித்துவிட்டு, ஜமீலா தலையைத் திருப்பிக் கேட்டாள்.

"அக்கா, ரெண்டு நாளா ஒங்க கிளி கத்தலையே. செத்துப்போச்சா?"

சந்திரமதியின் கையிலிருந்த போத்தல் அப்படியே நின்றது.

தொடையை இறுக்கிப் பார்த்தாள். சத்தமில்லை. இன்னும் பலமாக இறுக்கினாள். இல்லை. படுத்த கோணத்திலிருந்து கால்மாட்டுக்குக் கீழே அவளால் பார்க்க முடியாது. ஆனால் ஒன்பது வருஷம் அந்தக் கால்மாட்டைத் துடைத்தவளுக்குப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

"ஜமீலா, எந்திரிக்காத. தலையை மட்டும் கட்டில் ஓரத்துக்குக் கொண்டுவா. என் எடைக்குக் கீழ என்ன இருக்கு?"

ஜமீலா எட்டிப் பார்த்தாள். "ஒரு டின்னு. பிஸ்கட் டின்னு. மேல ரோசாப்பூ படம் போட்டிருக்கு. அது மேலதான் இரும்பு ஒக்காந்திருக்கு."

முறுக்கு டின்.

எடை தொங்கவில்லை, சுகமாக உட்கார்ந்திருந்தது. இரண்டு நாளாக எதுவும் காலை இழுக்கவில்லை. வலி போனது கசரத்தால் அல்ல. விரிப்பின் தொங்கல் மறைத்ததில் மிஸ்ஸிகள் கண்ணிலும் அது படவில்லை. எத்தனை வீட்டாரை இதே குற்றத்துக்காக அவள் வார்டைவிட்டு விரட்டியிருக்கிறாள்! செங்கல் வைத்தவர்கள், தலையணை முட்டுக் கொடுத்தவர்கள், அழுதுகொண்டே கயிறைத் தளர்த்தியவர்கள். தன் காலிலேயே நடந்திருக்கிறது, அவளோ ஊருக்கெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

"மிஸ்ஸீ!" என்று அவள் போட்ட சத்தத்தில் கீழே சமையல்கட்டில் கரண்டி விழுந்ததாம்.

டாக்டர் ஓடிவந்து நாடாவால் இரு காலையும் அளந்தார். வலது கால் முக்கால் அங்குலம் குறைந்திருந்தது.

"யாரு வச்சது இதை?"

யார் என்று சொன்னால் ஜெயபாலனுக்கு வார்டுக் கதவு சாத்தப்படும். அதுவும் அவள் அறிந்த விதிதான்.

"என் டின்னு ஐயா" என்றாள். பொய்யுமில்லை.

டாக்டர் நாடாவைச் சுருட்டினார். "எடையைக் கூட்டணும். வலிக்கும். ஒரு வாரமும் கூடும். இனி ஒரு தடவை நடந்தா, கால் இப்படியே நின்னுரும். நீ வாளி தூக்கறதை மறந்துரணும்."

டின் போனது, நாலு ராத்தல் இரும்பு கூடுதலாகத் தொங்கியது. வலி திரும்பி வந்தது, வட்டியோடு. அன்று பிற்பகல் பாங்கு கேட்டது. ஜமீலா தொழுதுவிட்டு எண்ணிக்கை சொல்லாமல் காத்திருந்தாள். சந்திரமதி கண்ணை மூடி, பல்லைக் கடித்து, தொடையை இறுக்கினாள்.

கிறீச்.

"ஒண்ணு" என்றாள் ஜமீலா.

சாயங்காலம் ஜெயபாலன் வந்தான். கால்மாட்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். தப்பு செய்த பிள்ளை மாதிரி தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு நின்றான்.

"இங்க வாங்க, பக்கத்துல ஒக்காருங்க" என்றாள் சந்திரமதி. "எதுக்கு வச்சீங்க?"

"நீ தூக்கத்துல மொனகுனே சந்திரா. அந்த இரும்பு ஒன் காலை மாட்டைக் கட்டி இழுக்கற மாதிரி இழுக்குது. எனக்குச் சகிக்கல. கொஞ்ச நேரம் ஓயட்டும்னுதான் வச்சேன். எடுக்க மறந்து... இல்ல, மறக்கல. மறுநாள் வந்தா நீ சிரிச்சிக்கிட்டு இருந்தே. எடுக்க மனசு வரல."

"பஸ் மேட்டுல ஏறையில எஞ்சினு கஷ்டப்படுதேன்னு நிறுத்திருவீங்களா?"

"பின்னாலல்ல உருண்டுரும்."

"அதான் நடந்துச்சு. முக்கால் அங்குலம் உருண்டுருச்சு."

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அழுகை நிற்கவில்லை. ஆறடி மனுஷன் அழுவதை வார்டே பார்த்தது. சந்திரமதி அவன் முழங்கையைப் பற்றினாள்.

"ஒங்களை ஏசறதுக்கு எனக்கு யோக்கியதை இல்லீங்க. தெங்கேரா சாரதாம்மாவுக்கு நான் வச்சது டின்னு இல்லாம என்ன? ஒரு டம்ளரைக்கூட அவங்களை எடுக்க விடல. பாசத்துலதான். அவங்க கால் ரெண்டும் போச்சு." மூச்சு விட்டுக்கொண்டாள். "இப்ப எனக்கு ஒரு ஒதவி செய்யுங்க. எதுவும் செய்யாதீங்க."

"அது எப்படி?"

"நான் கேட்டா குடுக்காதீங்க. கை நீட்டி எடுக்கற தூரத்துல வச்சிட்டு சும்மா ஒக்காந்திருங்க. அழுகை வந்தா வெளிய போய் பஸ்ஸைத் தொடைங்க."

ஜமீலா அந்தப் பக்கமிருந்து, "அண்ணே, பஸ்ஸு பளபளன்னு ஆயிரும் லா!" என்றாள். அழுதுகொண்டிருந்தவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்! தண்ணீர் டம்ளரை ஒரு முழம் தள்ளி வைப்பான். அவள் பிடியைப் பற்றி, உடம்பைத் தூக்கி, சாய்ந்து, விரல் நுனியால் எட்டி எடுப்பாள். அவன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருப்பான். வாரம் ஒரு அங்குலம் தள்ளிவைத்தான். போகும்போது குனிந்து எடைக்குக் கீழே பார்த்து, வெறும் தரை என்று உறுதி செய்துகொண்டுதான் கிளம்புவான். சனவரியில் டாக்டர் மறுபடி நாடா பிடித்தார். இரண்டு காலும் ஒரே அளவு. சந்திரமதி கிச்சாப் போத்தலில் தண்ணீருக்குப் பதில் மணல் நிரப்பித் தரச்சொன்னாள், அவ்வளவுதான்.

ஜமீலா சனவரிக் கடைசியில் வீட்டுக்குப் போனாள். போகும்போது, "பாங்கு கேக்கறப்போ ஒங்களை நெனச்சுக்குவேன், அல்லா மன்னிப்பான்" என்றாள்.

பிப்ரவரி பதினைந்தில் கயிறும் கம்பியும் கழன்றன. முட்டி இரும்பாக இறுகியிருந்தது. ஆனால் தாங்குகட்டைகளை ஊன்றி முதல் தடவை நிறுத்தியபோது, இடது கால் தூண்மாதிரி நின்றது. வலது தொடையைத் தொட்டுப் பார்த்த டாக்டர் சேதுராமன், "பதிமூணு வாரம் படுத்த தொடையா இது?" என்று சிஸ்டரையும் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

இருபதாம் தேதி மலாக்காவே பண்டார் ஹீலிர் திடலில் கூடியது. ஜெயபாலனின் பஸ் காலையிலிருந்து ஆளை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டியது. வார்டு வராந்தாவில் கட்டையூன்றி நடந்துகொண்டிருந்த சந்திரமதிக்கு, காற்றில் அந்தப் பக்கமிருந்து ஜனங்களின் ஆரவாரம் அலையலையாகக் கேட்டது. சாயங்காலம் ஜெயபாலன் தொண்டை கட்டிப்போய் வந்தான்.

"சுதந்திரத்துக்குத் தேதி சொல்லிட்டாங்க சந்திரா! அடுத்த வருஷம் ஆகஸ்டு முப்பத்தொண்ணு! நாடு நம்ம கையில!"

"ஒன்றரை வருஷம் இருக்கா? நல்லா மூச்சு விடலாம்" என்றாள் அவள், கட்டையை அடுத்த அடிக்கு நகர்த்தியபடியே. "எனக்கு அம்பத்தாறு நாளுதான்."

ஐம்பத்தாறு நாளில் ஒரு நாளையும் வீணாக்கவில்லை. கட்டை இரண்டு ஒன்றானது, ஒன்று கைத்தடியானது, தடி மூலைக்குப் போனது. வார்டிலிருந்து அனுப்பியதும் காஜா பெராங்கில் வீட்டுக்கு முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். காலி வாளி, கால் வாளி, அரை வாளி என்று கூட்டிக்கொண்டே போனாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அங்கலாய்த்தால், ஜெயபாலனே வாசலில் நின்று, "யாரும் ஒதவி செய்யாதீங்க, நான் ஒரு தடவை செஞ்சு பட்டது போதும்" என்று தடுப்பான்.

ஏப்ரல் பதினாறு, திங்கள், காலை ஆறரை. படிக்கட்டின் மேல்முனையில் சிஸ்டர், பக்கத்தில் டாக்டர். கீழே சமையல்கட்டு ஆட்கள். அடிப்படியில் ஜெயபாலன், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு.

ஆவி பறக்கும் வாளியைத் தூக்கினாள். ஒன்று, இரண்டு என்று ஏறினாள். பன்னிரண்டாம் படிவரை பழைய சந்திரமதிதான். பதினேழில் வலது தொடை படபடவென்று நடுங்க ஆரம்பித்தது. வாளியில் தண்ணீர் தளும்பி ஒரு வாய் படியில் சிந்தியது. சமையல்கட்டுப் பையன் ஒருவன் ஓர் அடி முன்னால் வைத்தான். கீழேயிருந்து ஜெயபாலனின் குரல் அதட்டியது.

"தொடாத! அவ ஏறுவா!"

சந்திரமதி நின்றாள். முட்டியை மெத்தைக்குள் அமுக்குவதுபோலத் தொடையை இறுக்கினாள். பத்து எண்ணினாள். ஐந்து வேளை, பதிமூன்று வாரம், எத்தனை பத்து எண்ணியிருப்பாள்! நடுக்கம் அடங்கியது. பதினெட்டு. பத்தொன்பது. இருபத்தாறாம் படியில் வாளியை 'ணங்' என்று வைத்துவிட்டு, "சிஸ்டர், விரிப்பு மாத்தணுமே, எந்தெந்தக் கட்டிலுக்கு?" என்றாள்.

சிஸ்டர் அவளுடைய வெள்ளை ஏப்ரனை மடிப்புக் கலையாமல் கையில் வைத்திருந்தார். நீட்டினார். அது அங்கே தயாராக இருந்தது என்பதைப் பார்த்ததும்தான் சந்திரமதிக்குக் கண் நிறைந்தது.

அதன்பிறகு பதினெட்டு வருஷம் அந்தப் படிகளை ஏறினாள். வேலைக்குத் திரும்பிய முதல் விடுமுறை நாளில், மணல் நிரப்பிய இரண்டு கிச்சாப் போத்தலையும் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு தெங்கேராவுக்குப் போனாள். சாரதாம்பாள் எழுந்து ஓடிவிடவில்லை. ஆனால் தீபாவளிக்குள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடுப்படிவரை நடந்தார்.

ஆனால் அந்த முதல் நாளுக்கு வருவோம். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தாள். நாலாம் நம்பர் கட்டிலில், காலில் எடை தொங்க, புதிதாக ஒரு பெண் கிடந்தாள். பத்து பெரெண்டாம் ஊர்க்காரி, பெயர் மல்லிகா. "ஆயாம்மா, தண்ணி" என்று முனகினாள்.

சந்திரமதி டம்ளரை நிரப்பினாள். ஒன்பது வருஷப் பழக்கத்தில் கை தானாக அவள் வாயருகே போயிற்று. பாதி வழியில் நின்றது. அலமாரியின் ஓரத்தில், சரியாக ஒரு முழம் தள்ளி வைத்தாள்.

"மேல பிடி தொங்குது பாரு. அதைப் பிடிச்சு எந்திரிச்சு எடுத்துக்க."

"அடிப்பாவி, நீ ஆயாவா, ராட்சசியா!"

"எடுத்துக் குடிச்சிட்டு ஏசு, தெம்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, சந்திரமதி குனிந்து எடைக்குக் கீழே பார்த்தாள். வெறும் தரைதான்.